பால் வாங்கப் போன தாய்மாமன்கள்

ஏமாங்குளத்து வள்ளியக்காவுக்கு மூன்று தம்பிகள்: சாத்தப்பன், கும்பலிங்கம், தொந்தியப்பன். தெருமுனைப் பெட்டிக்கடைக்குக்கூடக் காரில் போய்ப் பழகியவர்கள். காரை விற்ற மறுநாளே, அக்கா மகள் செங்கமலத்தைப் பெண் பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் வந்தது. காபிக்குப் பால் இல்லை.

“பால்காரர் இருளப்பன் வீடு பத்து நிமிஷ நடைதான். சொட்டுகூடச் சிந்தாமக் கொண்டு வாங்க” என்று தூக்குவாளியைக் கொடுத்தாள் அக்கா.

சாத்தப்பன் கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தான். சரியாகப் பத்தாவது நிமிடம் மூவரும் நின்றார்கள். எதிரே தையல்கடை.

“ஒரு லிட்டர் பால் குடுங்க.”

தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். “பால்காரர் வீட்டுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் போகணும்.”

“அப்படின்னா பன்னிரண்டு ஆயிடுமே!” என்றான் கும்பலிங்கம்.

“அக்கா சொன்னது பத்து. தப்பு நம்ம நடையிலதான்” என்றான் சாத்தப்பன்.

வீட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து வேகமாக நடந்தார்கள். பத்தாவது நிமிடம் இருளப்பன் வீட்டையும் தாண்டி ரயில்வே கேட் வந்துவிட்டது. மறுபடியும் வீட்டுக்கு. மூன்றாவது நடையில்தான் கணக்காக இருளப்பன் வாசலில் போய் நின்றார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து, பஜ்ஜியும் தின்று முடித்திருந்தார்கள்.

“கறந்த பால் தீந்துபோச்சே” என்றார் இருளப்பன். “இனி மாட்டு மடியில இருக்கிறதுதான். கறக்குற நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.”

மூவரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள்.

“வாளின்னா சிந்தும். மடின்னா சிந்தாது” என்றான் தொந்தியப்பன்.

சாத்தப்பன் வந்து பணிவாகச் சொன்னான்: “பாத்திரத்தோடயே குடுத்துடுங்க. நாளைக்குக் கழுவித் திருப்பித் தந்துடறோம்.”

இருளப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வள்ளியக்கா முகத்துக்காக மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

காபி வரும் என்று காத்திருந்தவர்கள் முன்னால் வாடகைக்குப் பிடித்த குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. அதில் மாடு. பின்னால் நடந்தே, வியர்த்து விறுவிறுக்க, மூச்சிரைக்க மூன்று தாய்மாமன்கள். வள்ளியக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்த செங்கமலம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மாப்பிள்ளை பார்த்த பார்வையிலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் ஒன்று புரியவில்லை. “வண்டிதான் இருக்கே, நீங்க ஏன் நடந்து வந்தீங்க?”

சாத்தப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“நடந்தா எங்களுக்கு ரெண்டு கால்தாங்க வலிக்கும். மாட்டுக்கு நாலுல்ல!”