ஓங்கிலுக்கு எந்தப் பூ

கடலில் யாரும் எல்லைக்கோடு போடாத காலத்தில் பவளத்துறை என்று ஒரு கரை இருந்தது. கதை சின்னதுதான். நடுவில் கேள்வி கேட்காமல் கேளுங்கள்.

அந்தக் கரையில் விடிந்தால் பனிமூட்டம். பாலைக் கொட்டினாற்போல வெள்ளை. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அடியில் பாறைகள் வேறு. அந்த வெள்ளைக்குள் படகுகளுக்கு முன்னால் மூன்று ஓங்கில்கள் நீந்தும். ஓங்கில் பார்க்க மீன் போல இருக்கும், ஆனால் நம்மைப் போல அதுவும் மூச்சு விட வேண்டும். அதற்காக மேலே வந்து 'புஸ்' என்று மூச்சு விடும். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனால் கரை.

ஒருநாள் மூத்த ஓங்கில் வலையில் மாட்டி, மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்தது. ஊரே அழுதது. மஞ்சள் பூசி, மல்லிகை சாத்தி, மணலில் புதைத்தார்கள். மறுநாள் அதே வலையை அதே மாதிரி விரித்தார்கள்.

பிறகு நடு ஓங்கில் செத்தது. இந்த முறை தாழம்பூ, கொட்டுமேளம், ஊர் முழுக்கப் பட்டினி. அப்புறம்? அதே வலை, அதே மாதிரி. அழுவதில் அந்த ஊரை அடிக்க ஆள் கிடையாது.

மிஞ்சியது இளையது ஒன்றுதான். வலைக்காரன் திரையனுக்கு அதன்மேல் உயிர். ஒரு விடியலில், பனிக்குள்ளிருந்து அது அவன் படகருகே தலையை நீட்டியது. அந்தக் காலத்தில் அவை பேசும்.

"திரையா, எனக்கு எந்தப் பூ எடுத்து வைத்திருக்கிறாய்?"

திரையன் வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடாமல் அழுதான். அவன் மனைவி அல்லிக்கோதை கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அழுதது போதும். அது எந்த இடத்துல மாட்டுதுன்னு என்னைக்காவது பாத்தீரா?"

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

முதலில் அவன் சிப்பிகளைக் கோத்து வலையில் கட்டிக் கலகலக்க வைத்தான். ஓங்கிலோடு மீனும் ஓடிப்போனது. அடுத்து வலையில் ஒரு வாசல் வெட்டினான். மீன்கள் வரிசையாக வெளியேறின. கடைசியில் தானே தண்ணீரில் இறங்கிப் பார்த்தான். நீருக்குள் எல்லாம் மெதுவாக, நீலமாக, கனவு போல அசைந்தது. ஓங்கில் போவது மேலே, மூச்சுக்குப் பக்கத்தில். வலை தொங்குவதும் அங்கிருந்துதான்.

ஏன் அங்கிருந்து? பவளத்துறையில் வலையின் மேல்விளிம்பில் ஓடும் தலைக்கயிறு தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும். வலைத்தலை தாழ்ந்தால் வீட்டுத்தலை தாழ்ந்ததாக அர்த்தம். அவ்வளவுதான் காரணம்.

திரையன் மிதப்புக் கட்டைக்கும் வலைக்கும் நடுவில் நீளக் கயிறு கட்டி, வலையை இரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்கினான். பக்கத்துப் படகில் ஒரே சிரிப்பு.

"பொண்டாட்டி அதட்டினா திரையன் வலைகூடத் தலை குனியுதுடா!"

திரையன் கண் பனியிலேயே இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு 'புஸ்'. பிறகு ஒன்றுமில்லை. அவன் கயிற்றை இறுகப் பிடித்தான். வெகுநேரம் போனது போலிருந்தது. அப்புறம், வலைக்கு இந்தப் பக்கம், அவன் முழங்கைக்கு அருகில், இன்னொரு 'புஸ்'.

வலையை இழுத்தால் கனத்தது. மேலாக மேயும் கொஞ்சம் மீன் தப்பியிருந்தது. தப்பட்டுமே, என்ன குடி முழுகிவிட்டது?

சிரித்தவர்களும் அந்தக் கனத்தைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள்.

செத்தபின் மாலை போடுவதைவிட, சாகாதபடி நம் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே இரக்கம்.