தவசிமுத்துவின் ஞாயிற்றுக்கிழமை

நல்லசிவம் சிஷ்யராக வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்திநாலு.

குருவின் பெயர் ஜெசிந்தா. உடன்குடிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில், விபத்திலும் நோயிலும் உடல் முடங்கியவர்களுக்குச் சட்டை போடவும் சோறு பிசையவும் மறுபடி பழக்கித் தருபவள். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். நல்லசிவமும் அப்படியே கூப்பிட்டார்.

முப்பது வருஷம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் அவர். மையத்துக்கு வருகிறவர்களுக்காகச் செல்போனில் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். நடக்க முடியுமா, படி ஏற முடியுமா என்று அது வாராவாரம் தொண்ணூற்றாறு கேள்விகள் கேட்கும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும்.

ஒருநாள் தவசிமுத்து, மையம் கொடுத்திருந்த போனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தவசிமுத்து பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர். இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மார்க் இருபத்திரண்டு.

"ஏன் அனுப்பினாராம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"என்னால என்னென்ன முடியாதுன்னு வாராவாரம் சொல்லுது, அது எனக்குத் தெரியாதான்னு கேட்டாராம்."

டீச்சர் போனை வாங்கிக் கேள்விகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னும் என்ன கேள்வி சேர்க்கணும் டீச்சர்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவருக்கு எங்க இருக்கணும்?"

நல்லசிவம் போய்க் கேட்டார்.

"கோர்ட்டுல" என்றார் தவசிமுத்து.

"கேஸ் ஏதும் நடக்குதா?"

தவசிமுத்து சிரித்துவிட்டார். அடுக்களையில் இருந்த மனைவி எஸ்தர், சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"வாலிபால் கோர்ட்டுய்யா. பதினாலு வருஷம் இந்த ஊர்ல நான்தான் ரெஃப்ரி."

நல்லசிவம் முகம் வாடித் திரும்பினார்.

"ரெஃப்ரி உயரத்துல உக்காரணும் டீச்சர். வலைக்கு மேல கண்ணு போகணும். ஏறுறதுல அவருக்கு மார்க் பூஜ்ஜியம். எத்தனை மாசம் பயிற்சி குடுத்தா ஏறுவாரு?"

"அந்தக் கால் இனி ஏறாது. அது அவருக்கும் தெரியும்."

"அப்ப எப்படி மேல போறது?"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

நல்லசிவம் மறுபடியும் போனார். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. இரண்டு வருஷமாக வீட்டுக்குள் கிடந்து தவசிமுத்து அதைத்தான் யோசித்திருந்தார்.

"செங்கல் ஏத்துற டிராக்டரைப் பெட்டியோட வலைக்குப் பக்கத்துல நிறுத்தணும். கொத்தனார் சாரம் கட்டுற பலகை நீளமானதா ரெண்டு, பெட்டி மேல சாய்ச்சுப் போடணும். நாலு பேர் தள்ளணும். மேல போனதும் சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும். வேற என்ன?"

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே."

ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் வந்தது. பலகை வந்தது. தள்ளுவதற்கு நாலு பேர் போதும். பதினோரு பேர் வந்தார்கள்; டீச்சரும் நல்லசிவமும் கூடவே வந்து நின்றார்கள். பாதியில் ஒருமுறை நாற்காலி சறுக்கியது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். "மூச்சைப் பிடிச்சுத் தள்ளுங்கலே" என்று நாற்காலியிலிருந்து தவசிமுத்துவே அதட்டினார். ஏறியாயிற்று.

விசில் ஊதினார்.

எதிரணி பக்கத்து ஊர். மூன்றாவது செட்டில் இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. உள்ளூர்க் கேப்டன் எபனேசர் எகிறி அடித்தான். பந்து கோட்டுக்குள் விழுந்தது. ஊரே கத்தியது. தவசிமுத்து விசிலடித்து, அவன் கை வலையைத் தொட்டதாகச் சொல்லி, பக்கத்து ஊருக்குப் பாயிண்ட் கொடுத்தார்.

எபனேசர் டிராக்டருக்குக் கீழே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மைதானம் அடங்கிவிட்டது. இரண்டு வருஷமாக எல்லோரும் அவரிடம் மெதுவாகத்தான் பேசியிருந்தார்கள். சொன்னபிறகுதான், தான் கத்திவிட்டதை எபனேசர் உணர்ந்தான். அவன் முகம் செத்துப்போனது.

தவசிமுத்து பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இன்னொரு வார்த்தை பேசுனா வெளியே அனுப்பிருவேன். போய் ஆடுலே."

"தொடவே இல்ல அண்ணாச்சி!"

"தொட்ட. வலை ஆடுனதைப் பார்த்தேன். வாதம் பண்ணாத."

அதன்பிறகு எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து அவரைத் திட்டியது. அவரும் ஒருவரையும் விடாமல் பதில் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்த எஸ்தர், டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஹாரனை விடாமல் அமுக்கினாள்.

உள்ளூர் தோற்றது. அப்படியும் யாரும் சீக்கிரம் கலையவில்லை.

நல்லசிவம் போனைத் திறந்து தவசிமுத்துவின் பக்கத்தைப் பார்த்தார். நடப்பது, பூஜ்ஜியம். ஏறுவது, பூஜ்ஜியம். அதே இருபத்திரண்டு. அண்ணாந்து பார்த்தார். அடுத்த வாரம் எந்த ஊரைக் கூப்பிடலாம் என்று தவசிமுத்து மேலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவர் உடம்புல ஒண்ணுமே மாறலை. மார்க்கும் மாறலை. ஆனா மனுஷன் மேல உக்காந்திருக்காரு. இந்தப் பலகையை நான் எந்தக் கேள்வியில சேர்க்கிறது?"

டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"அதுல ஒரு பக்கத்தைப் பிடிங்க சார். அவர் இறங்கணும்."