தேக்கிலையில் தனித்துப்போன சாமை

ஒரு தேக்கங்காட்டில், கிளை நுனியில் புதிதாய் அரும்பிய கொழுந்து ஒன்றில் மூன்று செதில் பூச்சிகள் குடியேறின. மூத்தது தினை, நடுவது வரகு, இளையது சாமை. ஊசி போன்ற வாயை இலைக்குள் இறக்கிவிட்டால், அதன்பின் சாகும்வரை இடம்பெயராமல் இருப்பது அவற்றின் குலவழக்கம். கிள்ளினால் செந்நீர் கசியும் அந்தக் கொழுந்தோ கிளிமூக்கின் அளவே இருந்தது. ஆகவே மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வாயை இறக்கின.

சாமைக்கு எரிச்சல் வந்தது.

“அக்கா, உன் முதுகு என் முகத்தில் இடிக்கிறது. சற்றுத் தள்ளி இருந்தால் என்ன?”

“வாயை இறக்கியாயிற்று. இனி என் முதுகு என்பாடு, உன் முகம் உன்பாடு” என்றது தினை. அப்பால் இருந்த வரகு விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் சாமையின் முகத்தில் எதுவும் இடிக்கவில்லை. அதற்கடுத்த நாள், தினையின் மூச்சொலி கேட்கவில்லை. பின்னர் வரகின் சிரிப்பும் மெலிந்து, காற்றோசையில் கலந்து மறைந்தது. சுற்றிலும் பச்சைவெளி மட்டுமே எஞ்சியது.

நெடுங்காலி என்னும் எறும்பு நாள்தோறும் இலைக்கு வரும். செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் துளியைக் குடித்துவிட்டு, ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குச் சொல்லிவிட்டுப் போகும். அடி எண்ணாமல் நடப்பது எறும்பின் வழக்கமன்று. ஆகவே, தமக்கையர் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர் என்று சாமை அதனிடம் கேட்டு வந்தது.

மூன்றாம் நாள், தினைக்குப் பத்தடி, வரகுக்கு இருபதடி என்றது எறும்பு. ஆறாம் நாள், இருபதடியும் நாற்பதடியும் ஆயின. ஒன்பதாம் நாள், முப்பதும் அறுபதும்.

சாமை நெடுநேரம் எண்ணிப் பார்த்தது. தான் அசையவில்லை, அதில் ஐயமே இல்லை. அப்படியானால் ஓடுகின்றவர்கள் அவர்களே. அவர்களுள்ளும், தொலைவில் இருக்கும் வரகு இருமடங்கு விரைவாய் ஓடுகின்றது. தன்னை நடுவில் விட்டுவிட்டு எல்லாரும் ஓடுவதென்றால், வெறுக்கத்தக்கது தானன்றி வேறு யார்? ‘தள்ளி இரு’ என்று சொன்ன வாய் தன் வாய்தானே?

“நான் வாயை உருவிக்கொண்டு புறப்படப் போகிறேன்” என்றது சாமை.

எறும்பு திடுக்கிட்டது. “உனக்கென்ன பித்தா? வாயை உருவியவர் எவரும் மறுபடி குத்திப் பிழைத்ததில்லை. காற்றடித்தால் கீழே சருகோடு சருகாய்க் கிடப்பாய்.”

“கிடக்கிறேன். யாரும் இல்லாத இடத்தில் உயிரோடு இருந்து யாருக்கு என்ன பயன்? ஓடியது போதும், ஒருநாளேனும் நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல். விடை வரும்வரை பொறுக்கிறேன்.”

எறும்பு போயிற்று. திரும்பி வருவதற்குள் வெயில் இலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. வந்ததும் அது கால்களை நீவிக்கொண்டு அலுத்துக்கொண்டது.

தினை சினந்ததாம். நான் எங்கே ஓடினேன் என்று கேட்டதாம். தங்கையர் இருவரும் இருபுறமும் ஓடித் தன்னை நடுவில் தனியே விட்டுவிட்டார்கள் என்று புலம்பியதாம். வரகும் அதையே சொல்லி அழுததாம். அதன் கணக்கில் விரைவாய் ஓடியது சாமையாம்.

“பொய்!” என்றது சாமை.

“மெய்யோ பொய்யோ, தேய்வது என் கால். நீங்கள் மூவரும் நடுவில் இருக்கின்றீர்களாம், மூவரும் அசையவில்லையாம். முன்பு உன்னிடமிருந்து இரண்டு நரம்பு தாண்டினால் தினை, நான்கு தாண்டினால் வரகு. இன்றும் இரண்டு, நான்குதான். ஆனால் ஒரு நரம்புக்கும் மறு நரம்புக்கும் இடையில் கிடக்கும் பொட்டல் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்குகிறது.”

சாமை இடைமறித்தது.

“என்ன சொன்னாய்? நரம்பு எத்தனை?”

“இரண்டு.”

“ஓடியிருந்தால் மூன்றாம் நரம்பைத் தாண்டியிருக்க வேண்டுமல்லவா?”

சாமை அடிகளைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கியது. முப்பது, இருபது, பத்து. அதற்கும் மூன்று நாள் முன்பு ஒன்றுமில்லை. வரகுக்கு அறுபது, நாற்பது, இருபது. அதற்கும் அதே நாளில் ஒன்றுமில்லை. அது முதுகும் முகமும் இடித்துக்கொண்ட நாள்.

“நெடுங்காலி, இன்னும் ஓர் உதவி. இலையை இங்கே கடித்துப் பார். பிறகு வரகின் பக்கத்தில் ஒரு கடி, நுனியில் ஒரு கடி.”

எறும்பு முணுமுணுத்துக்கொண்டே சென்று வந்தது. பச்சையாய்த் தெரிந்தாலும், கடித்த இடமெல்லாம் மெல்லிய செந்நீர் கசிந்ததாகச் சொன்னது. இங்கும் அதே சிவப்பு; நுனியிலும் அதே சிவப்பு.

அன்று மூவரும் வாயை இறக்கிய தேக்கங்கொழுந்தின் சிவப்பு அது. இந்தப் பெருவெளி முழுதும் ஒருகாலத்தில் கிளிமூக்கின் அளவே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? யாரும் ஓடவில்லை. இலைதான் விரிந்தது.

சாமை தன் வாயை இலையில் இன்னும் ஆழமாய் இறக்கியது. நெஞ்சின் பாரம் குறைந்தது, தனிமை குறையவில்லை. நாளை இலை மேலும் விரியும். எறும்பின் நடை மேலும் நீளும். ஒருநாள் அதுவும் வராமற் போகலாம்.

“தினையக்காவிடம் இதைச் சொல். ‘தள்ளி இரு’ என்று நான் சொன்னதை இலை கேட்டுவிட்டது, நீ கேட்கவில்லை.”

விடை வர இரண்டு நாள் ஆயிற்று. எறும்பு அதை ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பித்தது: “என் முதுகு இன்னும் உன் முகத்தில் இடிப்பதாகவே வைத்துக்கொள்.”

சாமை கண்ணை மூடி, அப்படியே வைத்துக்கொண்டது.

தொலைவு பெருகியது கண்டு, துணை துறந்ததென்று முடிவு கட்டலாகாது.