கைதட்டலுக்கு ஏங்கிய மந்திரி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அங்கே கிணறெல்லாம் வற்றியபோது பெரிய மந்திரி நாகலிங்கனார் அயல்நாட்டிலிருந்து கிணறு வெட்டும் ஆட்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்தார். தண்ணீரும் வந்தது. அரசவை விகடன் குழைக்காதனும் அந்தக் கூட்டத்தோடு வந்தவன்தான்.

பிறகு சந்தையில் செவ்வந்தியப்பன் என்றொருவன் கிளம்பினான். வந்தவர்களை விரட்டு என்று அவன் கத்த, ஊரே கைதட்டியது. மந்திரிக்கு வயிறு எரிந்தது. தனக்கு விழ வேண்டிய கைதட்டல் இன்னொருவனுக்கு விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? நேரே அரசனிடம் போய், வந்தவர்களை நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டி அனுப்ப வேண்டும் என்றார். விகடனையும் சேர்த்துத்தான் சொன்னார். அரசன் அவனோடு சிரித்துப் பேசுவது வெகுநாளாகவே அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

அரசன் ஓலையில் முத்திரை வைத்துவிட்டான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. விகடனை அழைத்தான்.

"அழைத்து வந்தவரே விரட்டச் சொல்கிறார். ஏன் மாறினார் என்று நாளைப் பொழுது சாய்வதற்குள் எனக்குக் காட்டு. காட்டினால் எல்லோரும் இருக்கலாம். ஆனால் நீ வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது."

விகடன் தலையை ஆட்டினான்.

மறுநாள் அந்த ஆட்கள் சட்டி பானைகளை மூட்டை கட்டினார்கள்; பெண்கள் அழுதார்கள். விகடன் அரசனுக்கு முக்காடு போட்டு மந்திரி வீட்டுத் தெருவில் நிறுத்தினான். கிணறு வெட்டுகிறவர்களின் தலைவர் வீரணனை அங்கே இழுத்து வந்து மாலை போட்டான். கைதட்டினான். குடத்தோடு போன பெண்கள் தங்கள் தெருக் கிணற்றைத் தோண்டியவரைக் கண்டு தாங்களும் தட்டினார்கள். நேற்று சந்தையில் தட்டிய ஆண்களும் வந்து தட்டினார்கள். பழகிய கை சும்மா இருக்குமா?

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மந்திரியால் அந்த மாலையைச் சகிக்க முடியவில்லை. செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்தார். வீரணன் கழுத்து மாலையைக் கழற்றித் தாமே போட்டுக்கொண்டார்.

"இவர்களை அழைத்து வந்தவனே நான்தானய்யா. இன்னும் ஐந்நூறு பேர் வரட்டும், நானே வரச் சொல்கிறேன்."

அரசன் முக்காட்டை எடுத்தான். மந்திரிக்குப் பேயறைந்தது போலாயிற்று. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இப்போது நீ பேசலாம் என்றான் விகடனிடம்.

"அரசே, மந்திரியாருக்கு எங்கள் மேல் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. கைதட்டல் கேட்கும் பக்கம் ஓடுகிறார். நேற்று தாங்கள் முத்திரை வைத்தபோது அது எந்தப் பக்கம் கேட்டது?"

அரசனின் சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தான், இந்த முறை தன்னை நினைத்து. ஓலையைக் கிழித்துப் போட்டு, தன் மோதிரத்தை விகடன் விரலில் மாட்டினான். மூட்டைகளை அவிழ்த்து எல்லோரும் உலை வைத்தார்கள். மந்திரி மட்டும் சாப்பிடவில்லையாம். மோதிரத்தை நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாராம்.