நூற்றுப் பன்னிரண்டு டப்பிகளும் ஒரு பலவேசமும்

அசட்டாங்குறிச்சிக்காரர்களை ஒன்றும் குற்றம் சொல்வதற்கில்லை. சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்கிறவர்கள்.

வாந்திபேதி வந்த வருஷம், "தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடியுங்கள்" என்று சுகாதார இலாகாக்காரர்கள் தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் கூடி யோசித்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டினால் விறகு என்னத்துக்கு ஆகும்? ஒரே ஒரு அண்டாத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்து, மேளதாளத்தோடு கொண்டுபோய் ஊர்க் கிணற்றில் ஊற்றினார்கள். அதோடு கிணறு சுத்தமாகிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அதில்தான் குடிக்கிறார்கள்.

இப்படி ஒன்றைச் செய்து ஊருக்கே கணக்கு வைப்பது அவர்களுடைய பழக்கம். மற்ற ஊர்களில் அம்மன் கொடைத் திருவிழா வந்தால் ஆளுக்கு ஆள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அசட்டாங்குறிச்சியில் ஒரே ஒரு ஆளின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பைக் கட்டிவிடுவார்கள். அவர் எட்டு நாள் பட்டினி கிடப்பார். மற்றவர்கள் எட்டு நாளும் கறிசோறு தின்பார்கள். விரதம் ஊருக்கே சேர்ந்துவிடும்.

அந்த ஒரே ஒரு ஆள் ஐந்து வருஷமாகப் பலவேசம்தான். பலவேசத்துக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. பட்டினி கிடப்பான், வெயிலில் நிற்பான், தீ மிதிப்பான். அவன் பயப்படுகிற சாமான் உலகத்தில் ஒன்றுதான், ஊசி. ஒரு தடவை மாட்டு டாக்டர் அவனுடைய பசுவுக்கு ஊசி போட வந்தார். கொம்பைப் பிடித்துக்கொள் என்றார். பிடித்துக்கொண்ட பலவேசம் மயங்கி விழுந்தான். பசு நின்றுகொண்டுதான் இருந்தது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு நாள் ஜீப்பில் ஒரு நர்சம்மாவோடு டாக்டர் பெனிட்டா வந்து இறங்கினாள். பட்டணத்தில் வயிற்றுப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஒரு அறையை வாங்கித் தங்கிக்கொண்டு, ஊரைக் கூட்டிப் பேசினாள்.

"இந்த மண்ணுல கொக்கிப்புழு இருக்கு. வெறுங்காலோட நடந்தா கால் வழியா ஏறி, குடலைக் கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும். யார் யார் வயித்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். நூத்துப் பன்னெண்டு பேருக்கும் நூத்துப் பன்னெண்டு டப்பி. மேலே பேர் எழுதியிருக்கு. நாளைக் காலையில ஒரு புளியங்கொட்டை அளவு போட்டு, ஏழு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க. ஒரு டப்பி கூடக் காலியா வரக்கூடாது. இதை வச்சுத்தான் உங்க ஊர் எப்படிப்பட்ட ஊர்னு உலகத்துக்கே தெரியப் போகுது."

என்னத்தைப் போடுவது என்பதை நர்சம்மா தனியாக, மெதுவாக விளக்கினாள். ஊர் அதிர்ந்துபோய் நின்றது.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பஞ்சாயத்துக் கூடியது. ஊர்த்தலைவர் கொம்பையா தொண்டையைக் கனைத்தார்.

"உலகத்துக்கே தெரியப் போகுதாம். எல்லாரும் கேட்டீங்கல்லா? கண்டவன் சரக்கும் போயிரக்கூடாது."

"அம்மன் பொங்கலுக்கு அரிசி குடுக்கோம். நொய்யையா குடுக்கோம்? ஊர்லயே நல்ல நெல்லா பாத்துல்லா குடுக்கோம்" என்றார் புலமாடன். புலமாடன் ஒரு தடவை பாளையங்கோட்டை வரைக்கும் போய்விட்டு வந்தவர். அதனால் ஊருக்கே அறிவாளி.

"அப்போ நல்லது யாருட்ட இருக்கு?"

ஊர் முழுக்கப் பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தது. அவன் விடியற்காலை ஐந்து மணிக்குச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போவான். மழையென்றும் பாராமல், காய்ச்சலென்றும் பாராமல் போவான். அவன் போகிற நேரத்தை வைத்துத்தான் கொம்பையா தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்.

"ஏ பலவேசம், ஊர் மானம் இப்போ உன்கிட்டத்தாம்டே இருக்கு" என்றார் கொம்பையா.

"நூத்துப் பன்னெண்டுமா அண்ணாச்சி?"

"புளியங்கொட்டை அளவுதாம்டே."

பலவேசத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் மனைவி பேச்சியம்மாள் சாயங்காலம் ஒரு சட்டி முருங்கைக்கீரை வதக்கி வைத்தாள். மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். மறுநாள் காலை மேளம் முழங்க ஓடைப்பக்கம் அழைத்துப் போனார்கள். அளவு தப்பக்கூடாதென்று புலமாடன் ஒரு புளியங்கொட்டையைக் கையில் பிடித்தபடி கூடவே போனார். ஆறே முக்காலுக்கு நூற்றுப் பன்னிரண்டு டப்பியும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக இருந்தன.

பத்து நாள் கழித்து டாக்டர் பெனிட்டா திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஊரைப் பார்த்ததே இல்லை! நூத்துப் பன்னெண்டு பேருக்கும் ஒரே புழு. ஒரே அளவு முட்டை. ஒன்றரை வயசுக் குழந்தைக்கும் எண்பது வயசுத் தாத்தாவுக்கும் துளி வித்தியாசம் இல்லை. எல்லாரும் முந்தின நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டிருக்கீங்க. எப்படி இது?"

"எங்க ஊர்ல ஏத்தத்தாழ்வு கிடையாதும்மா" என்றார் கொம்பையா.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். படித்தவள். வெளிநாட்டு மாநாட்டுக்கு இருபத்தெட்டுப் பக்கக் கட்டுரை அனுப்பியாகிவிட்டது. டப்பியை நிரப்பியது யார் என்ற ஒரு கேள்வி மட்டும் அந்த இருபத்தெட்டுப் பக்கத்தில் இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு பூச்சி மாத்திரைகளைத் தலைவரிடம் கொடுத்தாள். "புழு இருக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுத் தண்ணி குடிக்கணும்" என்றாள். புழு இருக்கிறவன் பலவேசம். அவன் ஒன்று போட்டுக்கொண்டான். மற்ற நூற்றுப் பதினொரு பேரும் தண்ணீர் குடித்தார்கள். மிச்ச மாத்திரைகளை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். மரத்துக்குப் பூச்சி வராமல் இருக்கும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் பலவேசம் பிழைத்திருப்பான். டாக்டர் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை விஷக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி. நூத்துப் பன்னெண்டு ஊசி கொண்டு வர்றேன். ஒண்ணு கூட மிச்சம் இருக்கக்கூடாது."

ஊர் மறுபடியும் பலவேசத்தைப் பார்த்தது. பலவேசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஊசின்னா எனக்கு..."

"காப்பு இன்னும் அவுக்கலைல்லாடே?" என்றார் கொம்பையா. அவர் சொன்னது நிஜம். காப்பு அவன் கையில் இருந்தது.

ஊசி போடுவதற்கு முன்னால், தடுப்பூசியைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமாம். டாக்டர் ஒரு அச்சடித்த தாளோடு வீடு வீடாகப் போனாள். பக்கத்து ஊரில் இந்தத் தாளைப் பார்த்ததுமே ஜனங்கள் பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்திருந்தார்கள். அசட்டாங்குறிச்சியில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள்.

"தடுப்பூசியை ஆதரிக்கிறீங்களா?"

"உயிரைக் குடுத்து ஆதரிக்கோம்" என்றார் கொம்பையா.

"வலிக்கும்னு பயம் இருக்கா?"

"எங்களுக்கு என்னம்மா வலி?" என்றார் புலமாடன். "எத்தனை வேணும்னாலும் போடுங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

நூற்றுப் பதினொரு பேர் 'மிகவும் ஆதரிக்கிறேன்'. கைக்குழந்தைக்கு அதன் அம்மா சொன்னாள். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாகப் பலவேசம் வீட்டுக்கு வந்தாள்.

"எதிர்க்கேன்" என்றான் பலவேசம்.

"ஏன்?"

"நூத்துப் பன்னெண்டு ஊசியை ஒரு உடம்பு தாங்குமாம்மா?"

"நூத்துப் பன்னெண்டு பேரும் தாங்கப் போறாங்க, உங்களால முடியாதா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பலவேசம் மனசுக்குள் நூற்றுப் பன்னிரண்டு எறும்புகளைத் தன் மேல் ஏற்றிப் பார்த்தான். கட்டெறும்புகளாகவே வந்தன.

"ஊரே எவ்வளவு முன்னேறியிருக்கு! நீங்க ஒருத்தர்தான் இன்னும் அறியாமையில இருக்கீங்க. உங்க நல்லதுக்காக இல்லைன்னாலும் ஊர் நல்லதுக்காகப் போட்டுக்கக் கூடாதா?"

"அதைத்தாம்மா எல்லாரும் சொல்லுதாங்க" என்று பலவேசம் அழுதான். டாக்டர் தாளில் 'காரணமற்ற பயம்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம், நர்சம்மாவுக்குச் சிரமம் இருக்கக்கூடாதென்று, பலவேசத்தைச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்துப் புலமாடன் கரித்துண்டால் புள்ளி வைத்தார். வீட்டுக்கு வீடு இடம் ஒதுக்கவேண்டியிருந்தது.

"எங்க அத்தைக்குக் கைவலி. அவ ஊசியைக் கையில போடாதீங்க, முதுகுல வைங்க."

"பிள்ளை ஊசியை மெத்துன்னு இருக்க இடமாப் பாத்து வைங்க அண்ணாச்சி. பச்சைப்பிள்ளை, தாங்காது."

"இந்தத் தோள்பட்டை எங்களுது. போன கொடைக்கும் அவன் எங்க வாசல்லதான் தீ மிதிச்சான்."

"புள்ளி எங்க எல்லைக்குள்ள ரெண்டு விரக்கடை வந்திருக்குவே! அழிச்சிரும்!"

இரண்டு வீட்டுக்காரர்கள் பலவேசத்தின் விலாவில் வரப்புத் தகராறு செய்து கைகலந்தார்கள். கொம்பையா நடுவில் ஒரு கோடு கிழித்துச் சமாதானம் செய்து வைத்தார். எல்லாம் முடிந்தபோது பலவேசம் தோசைக்கல்லில் எள்ளைத் தூவிய மாதிரி இருந்தான். தனக்கென்று ஒரு புள்ளி வைக்க இடமில்லை. புலமாடன் யோசித்து அதை மூக்கு நுனியில் வைத்தார்.

"இந்தாரும், எங்கேயாவது ஓடிப் போயிரும்" என்றாள் பேச்சியம்மாள்.

"ஓடலாம்ளா. இந்தப் புள்ளியோட எந்த ஊர்ல போய் நிக்க?"

வெள்ளிக்கிழமை காலை பலவேசத்துக்குச் சட்டை போட்டு, மாலை போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். எதிர்த்தவனே முதலில் வந்ததைக் கண்டு டாக்டருக்குப் பூரிப்பு. "பார்த்தீங்களா, பேசினா மனசு மாறும்" என்றாள் நர்சிடம்.

பலவேசம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். அம்மனைக் கூப்பிட்டான். பசுவைக் கூப்பிட்டான். பேச்சியம்மாளைக் கூப்பிட்டான்.

"முடிஞ்சு போச்சு" என்றாள் நர்சம்மா.

பலவேசம் ஒரு கண்ணைத் திறந்தான். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். அடுத்தது யாரு? கொம்பையா!"

பலவேசம் அதே கையை நீட்டினான்.

"நீங்கதான் கொம்பையாவா?"

"இன்னிக்கு நான்தான்."

"வள்ளிக்கண்ணு, வயசு ஒன்றரைன்னு இருக்கே?"

"அதுவும் நான்தாம்மா. அவளுக்கு மட்டும் கொஞ்சம் மெத்துன்னு இருக்க இடமாப் போடணும்" என்று சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான் பலவேசம்.

நர்சம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டாள். டாக்டர் எழுந்து வந்தாள். புள்ளிகளைப் பார்த்தாள். விலாவில் இருந்த வரப்பைப் பார்த்தாள். பிறகு, இருபத்தெட்டுப் பக்கத்திலும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த டப்பிகள்..."

"நூத்துப் பன்னெண்டும் நம்மளுதுதாம்மா. குறை ஒண்ணும் இல்லைல்லா?"

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கத்தினாள்.

"பழைய டப்பி எதுவும் செல்லாது! மறுபடியும் நூத்துப் பன்னெண்டும் வேணும். நாளைக்கு ஏழு மணிக்குள்ள! ஊசியும் ஆளாளுக்கு அவங்கவங்க கையிலதான்!"

"எங்களுக்கா?" கொம்பையா இரண்டடி பின்னால் போனார். "புழு அவனுக்கு, ஊசி எங்களுக்கா?"

"எல்லாரும் ஆதரிக்கிறோம்னு சொன்னீங்களே!"

"இப்பவும் ஆதரிக்கோம்மா. பேச்சு மாற மாட்டோம். ஆனா குத்துறதுன்னா அது வேற விசயம்லா."

புலமாடன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஊசி போட்டா கை மரத்துப் போகுமாமே. பாளையங்கோட்டையிலயே பேசிக்கிட்டாங்க."

"யாரு பேசினது?"

"யாருன்னு தெரியலை. பஸ்ஸுக்குள்ள பேசினாங்க."

டாக்டர் சட்டைக்கையை மடித்துத் தோளைக் காட்டினாள். "பாருங்க. நான் இதே ஊசியைப் போன மாசமே போட்டுக்கிட்டாச்சு. என் கை மரத்தா போச்சு?"

ஊர் கிட்டத்தில் வந்து பார்த்தது.

"யாருக்காகம்மா போட்டுக்கிட்டீங்க?" என்றார் கொம்பையா.

"எல்லாருக்காகவும்தான்! ஒருத்தர் போட்டுக்கிட்டா அவங்களுக்கு மட்டுமா? பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் அது பாதுகாப்பு."

கொம்பையா மெதுவாகத் திரும்பி ஊரைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"கேட்டியளா எல்லாரும்? நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலருந்து நாம சொல்லிக்கிட்டு வாறதை, படிச்ச பிள்ளை என்ன அழகாச் சொல்லுது!"

கொம்பையா பலவேசத்தின் மணிக்கட்டிலிருந்து காப்பை அவிழ்த்தார். பலவேசம் அந்தக் கையை ஐந்து வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவன் கழுத்து மாலையையும் கழற்றினார்கள். இரண்டையும் கொண்டுபோய் டாக்டர் பெனிட்டாவுக்குப் போட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஊரே மனம் மாறிவிட்டது, காலையில் டப்பியும் வரும், ஊசியும் போட்டுக்கொள்வார்கள் என்று டாக்டர் நினைத்தாள். கையில் கட்டியது ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று காப்பு தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று, வழக்கம் போல, கேட்கவில்லை. சாயங்காலம் பேச்சியம்மாள் வந்து ஒரு பெரிய சட்டி முருங்கைக்கீரையைக் கொடுத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொன்னாள். ருசியாக இருந்ததால் அவளும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் மேளம் முழங்கியது.

டாக்டர் கதவைத் திறந்தாள். ஊரே நின்றுகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் பலவேசம், குளித்து நீறு பூசி நின்றான். இடுப்பில் ஒரு பனையோலைக் கடகப்பெட்டி, அது நிறையக் காலி டப்பிகள். வலது கையில் தண்ணீர்ச் செம்பு. இடது கையில் ஒரு புளியங்கொட்டை.

"பயப்படாதீங்கம்மா" என்றான் பலவேசம். அவன் குரலில் அனுபவம் இருந்தது. "மொத டப்பிதான் கூச்சமா இருக்கும். பொறவு பழகிரும். ஏழு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுதோம்."

நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி நின்றார்கள். மேளம் மட்டும் நிற்கவில்லை.