நாற்பத்தேழாம் எண்

காவல்கிணறு விலக்கைத் தாண்டியதும் ஆடிக்காற்று எதிரே வந்து மோதியது. மலை இடுக்கு வழியாக வருகிற காற்று. காற்றாலைக்காரனுக்குக் கொண்டாட்டம், சைக்கிள் மிதிக்கிறவனுக்கு எமன்.

பொன்னுலிங்கம் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தவர் ஆசான் அருளப்பன். எண்பது வயது. பதினாறு வயதில் அவரிடம் சைக்கிள் பந்தயம் பழகியவர் பொன்னுலிங்கம். இன்றைக்கு அவரே பிள்ளைகளைப் பழக்குகிறார். ஆனாலும் பந்தய நாளில் ஆசானை ஏற்றிக்கொள்ளாமல் வண்டியை எடுக்க மாட்டார்.

முன்னால் இரண்டு பெண்கள் சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவருடைய மாணவி அபிஷா. மற்றவள், ஒரு காலத்தில் அவரோடு பந்தயம் ஓட்டிய தாணுவின் மகள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பந்தயம் அது. முதலில் வரும் இருவருக்குத்தான் மாநில அணியில் இடம். மற்றவர்கள் ஒரு நிமிஷம் பின்னால் கூட்டமாக வந்தார்கள்.

தாணுவின் மகள் முழங்கையை ஆட்டினாள். 'நான் எதிர்க்காற்று வாங்கியது போதும், நீ முன்னால் வா' என்று அர்த்தம். முன்னால் போகிறவள் காற்றை மறித்தால் பின்னால் ஒட்டி வருகிறவளுக்குப் பலம் மிச்சம்; அதனால் மாறி மாறி முன்னால் போவதுதான் வழக்கம். அபிஷா நகரவில்லை. தாணுவின் மகளும் மிதிப்பதைத் தளர்த்தினாள். இரண்டு பேரும் கோயில் சுற்றுகிறவர்கள் மாதிரிப் போனார்கள்.

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லி விட்டே?" என்றார் ஆசான்.

"தாணு மக முதுகுக்குப் பின்னாலேயே கிட, ஒரு தடவகூட முன்னால போகாதேன்னு சொன்னேன்."

"அதான் ரெண்டும் ஊருது. கூட்டம் பிடிச்சிட்டா ரெண்டு பேருக்கும் இடம் கிடையாது."

"தாணு மகளுக்கும் கிடைக்காதுல்லா?"

"அபிஷா உனக்கு என்னடே செஞ்சா?"

பொன்னுலிங்கம் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் கூட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தாணு பூக்கடை வைத்திருக்கும் தெருவில் அவர் கால் வைத்ததில்லை. தாணு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கை நீட்டி வாங்கியதும் இல்லை.

"ஆசானே, முப்பத்தினாலு வருஷம் ஆச்சு. இந்த ஆத்திரம் ஏன் எனக்கு அடங்க மாட்டேங்கு?"

"என்ன நடந்துன்னு சொல்லு."

"நூறு தடவ சொல்லியாச்சே."

"இன்னொரு தடவ சொல்லு. கடலை மிச்சம் இருக்கு."

"இதே ரோடு. நானும் தாணுவும் மட்டும் தனியா வந்துட்டோம். காத்து பூரா நான்தான் வாங்கினேன். பய ஒரு தடவகூட முன்னால வரல. தோவாளையில முடிவுக்கோடு தெரிஞ்சதும் பின்னாலருந்து பாஞ்சான். அரைச் சக்கரத்துல போச்சு."

"அவன் எண் என்ன?"

"நாப்பத்தேழு. மறப்பேனா? முப்பந்தல் தாண்டயில முதுகுல குத்தியிருந்த துணியில கீழ் ஊக்கு ரெண்டும் தெறிச்சிட்டு. அங்கருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் படபடன்னு என் மூஞ்சிக்கு நேரா அடிச்சுக்கிட்டே இருந்து. எட்டிப் பிச்சு எறியலாமான்னு இருந்து எனக்கு. மூணு மைலு ஆசானே! அந்தச் சத்தம் இப்பவும் காதுல கேக்கு."

ஆசான் கடைசிக் கடலையை வாயில் போட்டார். பொட்டலக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"பொன்னு."

"சொல்லுங்க."

"ஒரு தடவகூட முன்னால வராதவன் முதுகை மூணு மைலு நீ எப்படிப் பாத்தே?"

வண்டி ஒரு பர்லாங் தூரம் போனது.

பிறகு பொன்னுலிங்கம் வேகம் கூட்டி இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் போனார்.

"அபிஷா! முன்னால போ பிள்ளே. உன் முறை."

அபிஷா நம்பாமல் ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து மிதித்து முன்னே போனாள். தாணுவின் மகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் முன்னே வந்தாள், அபிஷா ஒதுங்கினாள். பொன்னுலிங்கம் வண்டியைப் பின்னுக்கு விட்டார். கண்ணாடியில் கூட்டம் சிறுத்துச் சிறுத்து, வளைவில் காணாமல் போனது.

தோவாளைப் பூ வாசம் காற்றில் வர ஆரம்பித்தது.

"இத நீங்க அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆசானே."

"நீதானடே எங்கிட்ட சொன்னே. நூறு தடவ."