மூலையைத் தூக்கிப் பார்த்த கீரி

சத்தம் போடாம உக்காருங்கடா. நம்ம கிரவுண்டுல புதுசா போட்ட புல்லு ஒரு மூலையில மட்டும் மஞ்சளா கெடக்கு. யாரு வேலைன்னு நான் கேக்கல. உங்க மூஞ்சிங்களப் பாத்தாலே தெரியுது! போன்ல சார்ஜ் போட்டுட்டு, ஏறுதா ஏறுதான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை புடுங்கிப் பாக்குற கூட்டம்தானே நீங்க? உங்களுக்குன்னே ஒரு கதை இருக்கு. கேளுங்க.

ஒரு காட்டுல ஒரு கொளம். கொளத்துக்கு ஒரு மண் கரை. கோடை முழுக்க எருமை ஏறி எறங்கி மிதிச்சதுல, கரையில இருந்த புல்லெல்லாம் போயி மொட்டைத் தலையா ஆயிடுச்சு. அடுத்த மாசம் ஐப்பசி மழை. வெறும் மண்ணு தாங்குமா? கரைஞ்சு ஓடிடும். கரை போனா கொளமும் போச்சு.

அந்தக் கரைக்கு வெளிப்பக்கம், அடியில ஒரு பொந்து. அதுலதான் வெடுக்கன்னு ஒரு கீரி இருந்தான். கூடவே அவன் பொண்டாட்டி, இன்னும் நடக்கப் பழகாத மூணு குட்டிங்க. கரை ஒடைஞ்சா மொதத் தண்ணி அவன் வீட்டுக்குள்ளதான். அவனுக்குத் தூக்கமே இல்ல.

எல்லாரும் கூடிப் பேசினாங்க. பள்ளத்துல அடர்த்தியா கெடக்குற அருகம்புல்ல, மண்ணோட சேத்து பாளம் பாளமா வெட்டி, கரை மேல பாய் விரிக்கிற மாதிரி பதிச்சிடலாம்னு முடிவாச்சு. தோண்டுற வேலைன்னா பெருச்சாளி தொப்ளான்தான். அவன் கரையக் கொத்தினான், கல்லப் பொறுக்கினான், மண்ண ஈரமாக்கினான். பாளங்கள ஒண்ணோட ஒண்ணு இடிக்க நெருக்கி வெச்சு, மேல வயித்தால உருண்டு உருண்டு அமுக்கினான்.

"எடைவெளி விட்டா ஓரம் காஞ்சிடும்ண்ணே. இனி மூணு வாரம் யாரும் கால் வெக்கக் கூடாது. காலைல தண்ணி, சாயந்தரம் தண்ணி. அவ்வளவுதான்!"

"தண்ணி என் பொறுப்பு!"ன்னுச்சு எருமை. மிதிச்ச பாவம் தீரணுமே! தெனமும் கொளத்துல முங்கி எந்திரிச்சு, தண்ணியில நின்னுக்கிட்டே வால வீசும். கரை தாண்டிச் சாரல் விழும்.

நாலு நாள் ஆச்சு. வெடுக்கனுக்கு இருப்புக் கொள்ளல. தொப்ளான்கிட்ட போனான்.

"வேரு புடிச்சிருக்காடா?"

"புடிக்கும்ண்ணே."

"புடிக்கும்னா? புடிச்சிருக்கா, இல்லையா?"

"சோறு வேகுதான்னு பானையக் கவுத்தா பாப்பீங்க? பொறுங்கண்ணே!"

மறுநாள் விடிஞ்சும் விடியாம, தன் பொந்துக்கு நேர் மேல இருந்த பாளத்தோட மூலைய லேசாத் தூக்கிப் பாத்தான் வெடுக்கன். அடியில நூல் மாதிரி, வெள்ளையா, ரெண்டே ரெண்டு வேர். அட, வந்திருக்கே! மூடி வெச்சு, ஒரு தட்டு தட்டிட்டுப் போனான். தூக்கினதுல அந்த ரெண்டு வேரும் அறுந்து போனத அவன் கவனிக்கல.

அடுத்த நாளும் தூக்கினான். அதுக்கு அடுத்த நாளும். "என் புள்ளைங்களுக்காகத்தானே பாக்குறேன்!"னு அவனுக்கு அவனே சமாதானம்.

ரெண்டாவது வாரம் கரை முழுக்கப் பச்சைப் பசேல். அந்த ஒரு பாளம் மட்டும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி.

வெடுக்கனுக்கு வந்துச்சே கோவம்! "டேய் தொப்ளான்! என் வீட்டுக்கு மேல மட்டும் செத்த புல்ல வெச்சியா?"

"எல்லாம் ஒரே பள்ளத்துப் புல்லுதாண்ணே..."

"பேசாத! எலி சாதிக்கும் கீரிக்கும் என்னைக்குடா ஒத்துப் போச்சு? என் குட்டிங்க சாகணும்னு பாக்குற!"

சுத்தி நின்னவங்க ஒரு அடி பின்னாடி நகந்துட்டாங்க. கீரிப் பல்லு அப்படி. தொப்ளான் மீசையத் தொடைச்சுக்கிட்டு மேட்டுப் பக்கமாப் போயிட்டான்.

அப்ப பாளத்துக்கு அடியில இருந்து ஒரு மண்புழு தலைய நீட்டுச்சு. "மேல நடக்குறது எனக்குத் தெரியாதுய்யா. ஆனா தெனம் விடிஞ்சா யாரோ என் வீட்டுக் கூரையத் தொறக்குறாங்க! வேரெல்லாம் பட்டு பட்டுன்னு அறுந்து என் தலையில விழுது. யாருய்யா அது?"

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. வெடுக்கனும் பாத்தான்.

"வேற யாரு? அந்தப் பெருச்சாளிதான்!"ன்னான்.

மழை அஞ்சு நாள் முன்னாடியே வந்துடுச்சு. பட்டப்பகல்ல இருட்டிக்கிட்டுக் கொட்டுச்சு. கரை முழுக்கப் புல்லு மண்ண இறுக்கிப் புடிச்சு நின்னுச்சு. அந்த ஒரு பாளம் மட்டும் வாழையெலை மாதிரி வழுக்கி, வெடுக்கன் வாசல்லயே வந்து விழுந்துச்சு. அது இருந்த எடத்துல வெறும் மண்ணு கரைஞ்சு ஒரு ஓட்டை. ஓட்டை வழியா சேறும் தண்ணியும். உள்ள குட்டிங்க கத்துதுங்க. வெடுக்கன் மண்ண அள்ளி அள்ளி அடைக்கிறான், நிக்கல.

அப்ப மேட்டுல இருந்து ஒரு உருண்டை உருண்டு வந்துச்சு. தொப்ளான்!

"குட்டிங்கள எடுங்கண்ணே! ஓட்டைய நான் பாத்துக்கிறேன்!"

சொல்லிட்டு, தன் பெரிய வயித்த ஓட்டைக்குள்ள திணிச்சு உக்காந்துட்டான்.

சாயந்தரம் மழை விட்டுச்சு. கரை நின்னுடுச்சு. மூணு குட்டிங்களும் எருமை முதுகுல காஞ்சிக்கிட்டு இருந்துச்சுங்க. சேத்துல தொப்ளான் மூக்கு மட்டும் தெரிஞ்சுச்சு.

"அந்தப் பாளம் மட்டும் ஏன்டா புடிக்கல?"ன்னு கேட்டுச்சு எருமை.

"தெரியலண்ணே. என் வேலையிலதான் ஏதோ கோளாறு போல."

அதத்தான் வெடுக்கனால தாங்க முடியல. "உன் வேலையில ஒரு கோளாறும் இல்லடா. தெனமும் மூலையத் தூக்கிப் பாத்தது நான். தூக்குனது யாருன்னு மண்புழு கேட்டப்பவும் உன் பேரத்தான் சொன்னேன்."

தொப்ளான் மூஞ்சியில இருந்த சேத்த வழிச்சுப் போட்டான். அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பாளம் வெச்சிருக்கலாமேண்ணே"ன்னான்.

மறுநாள் புதுப் பாளம் வெச்சாங்க. மூணு வாரமும் வெடுக்கன் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் கையப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நடந்தானாம்.

வேர் புடிக்கிற வரைக்கும் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதவன், தான் கெடுத்ததுக்கு அடுத்தவன் மேலதான் பழி போடுவான்.

அப்புறம், அந்த கிரவுண்டு மூலை. அது நான்தான்டா. ஏழு தடவை தூக்கிப் பாத்தேன்.